குளிசையை நிப்பாட்டினாத்தான் விசுவாசமோ?

ஜெபத்தாலை வருத்தம் மாறும் எண்டு சபையள் வைக்கிற பெரிய சுகமளிக்கும் கூட்டம் ஒண்டு முடிஞ்சா, அடுத்த ரெண்டு மூண்டு கிழமைக்கு எங்கட கிளினிக்கிலை ஒரு வித்தியாசம் தெரியும். வரவேண்டிய ஆக்கள் கொஞ்சப்பேர் வரமாட்டினம். அவையளின்ரை கிளினிக் கொப்பி எங்கட அடுக்கிலை கிடக்கும், ஆள் இல்லை. பிறகு அவையளிலை சிலபேர் கிளினிக்குப் பக்கம் வராமல் நேரா வாட்டுக்கு வருவினம், சுகர் 400க்கு மேலை, இல்லாட்டி ஒரு பக்கம் கை கால் இழுத்து, இல்லாட்டி நிக்காத வலிப்போட, கூட வந்த மகளைக் கூப்பிட்டுக் கேட்டா கீழை பாத்துக்கொண்டு "அம்மா குளிசை எல்லாத்தையும் விட்டிட்டா மிஸ், கர்த்தர் தொட்டிட்டார் எண்டு சொன்னவ" எண்டு சொல்லும்.

நான் வன்னியிலை ஒரு ஆஸ்பத்திரியிலை தாதியா இருக்கிறன், நானும் விசுவாசிதான். ஜெபத்தாலை சுகம் வரும் எண்டு நம்புறனான், வாட்டிலை ஆரும் கேட்டா கையைப் பிடிச்சு ஜெபிக்கிறனான். அதாலை இதை வெளியிலை நிண்டு பகிடி பண்ணுற ஆள் எழுதினது எண்டு நினைச்சு வாசிக்காதேங்கோ. கன பாஸ்டர்மார் எங்களுக்குச் செய்யிற உதவி சும்மா இல்லை, பஸ் இல்லாத உள்பக்கத்திலை இருந்து தங்கட மோட்டச்சைக்கிளிலை வயசுபோன ஆக்களைக் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு வாறவை இருக்கினம், துணுக்காய் பக்கம் ஒட்டுசுட்டான் பக்கம் போய்ப் பாத்தா விளங்கும். நான் சொல்லுறது எல்லாரையும் இல்லை. "மருந்தும் எடுத்துக்கொண்டு விசுவாசமும் எண்டால் அது ரெண்டு தோணியிலை கால் வைக்கிறது" எண்டு மேடையிலை நிண்டு சொல்லுற அந்தக் கதையைப் பற்றித்தான்.

முதல்ல அந்தக் கதை ஏன் சனத்துக்கு உண்மை மாதிரித் தெரியுது எண்டதைச் சொல்லோணும். கன வருத்தத்துக்கு மருந்தை விட்ட அடுத்தநாளே ஒண்டும் நடக்காது. பிரஷர் 200க்குப் போனாலும் சிலபேருக்குத் தலையிடிகூட வராது, அவை நல்லா இருக்கிறம் எண்டுதான் நினைப்பினம். மனநல மருந்து எடுக்கிறவைக்கு விட்டாப்பிறகு சில நேரம் மாதக்கணக்கிலை ஒண்டும் தெரியாது, இன்னும் சொல்லப்போனா முதல் கிழமையளிலை நித்திரை மயக்கம் குறைஞ்சு உடம்பு லேசாக்கூட இருக்கும். அந்த இடைவெளிக்குள்ளதான் சாட்சி சொல்லுறது நடக்குது. மைக்கைப் பிடிச்சு "நான் குளிசை விட்டு ஒரு மாதம், சுகமா இருக்கிறன்" எண்டு சொல்ல எல்லாரும் கைதட்டி அல்லேலூயா சொல்லுவினம், கேட்டுக்கொண்டு பின்வாங்கிலை இருக்கிற இன்னும் நாலுபேர் வீட்டை போய் தங்கட குளிசையையும் எறிவினம். அந்தச் சாட்சி சொன்ன ஆள் ஆறாம் மாதம் வாட்டிலை கிடக்கேக்கை ஆரும் மைக் கொண்டு வாறேல்லை.

எல்லா வருத்தமும் அப்பிடி ஆறுதலா வராது எண்டதையும் தெரிஞ்சுகொள்ளுங்கோ. சின்ன வயசிலையே இன்சுலின் தொடங்கின பிள்ளைக்கு அதை நிப்பாட்டினா ஒரு நாள் ரெண்டு நாளிலையே சத்தி, வயித்துநோ, மூச்சு வாங்கல் எண்டு உயிருக்கே ஆபத்து வந்திடும். வலிப்புக் குளிசையைச் சடாரெண்டு விட்டா வலிப்பு ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா விடாமல் வரும், அதுவும் எங்கட பக்கம் கட்டு இல்லாத கிணறும் குளமும் வாய்க்காலும் இருக்கிற ஊரிலை எங்கை நிக்கேக்கை வரும் எண்டு ஆருக்குத் தெரியும். கனகாலம் ஸ்டீரொயிட் குளிசை எடுத்தவை, இருதய வால்வு மாத்தி, ரத்தம் கட்டாமல் இருக்க வோபரின் போடுறவை, இவையள் ஒருக்காலும் தங்கட பாட்டிலை விடக்கூடாது. காசநோய் மருந்து சாதாரணமா ஆறு மாதம், ரெண்டு மாதத்திலை இருமல் நிண்டிடும், நிண்ட உடனை விட்டா கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாத் திரும்பி வரும், வீட்டிலை இருக்கிற குழந்தைக்கும் தொத்தும்.

சரி இது மருந்துக் கதை. எனக்கு இதைவிடப் பெரிய கவலை இந்தப் போதனை கிருபையை என்ன செய்யுது எண்டதிலைதான்.

அப்போஸ்தலன் பவுல் கலாத்தியா எண்ட இடத்துச் சபையளுக்கு எழுதின காயிதத்தை ஒருக்கா முழுசா ஒரே இருப்பிலை இருந்து வாசிச்சுப் பாருங்கோ, ஆறே ஆறு அதிகாரம்தான். அந்தச் சபையளுக்குள்ள கொஞ்சப்பேர் வந்து, கிறிஸ்துவை விசுவாசிச்சது நல்லது ஆனா அது காணாது, விருத்தசேதனமும் (நுனித்தோலை வெட்டுற யூதச் சடங்கு) செய்யோணும் எண்டு சொல்லிப்போட்டினம். பவுலுக்கு வந்த கோவம் மற்ற எந்தக் காயிதத்திலையும் அப்பிடி வரேல்லை. மற்றச் சபையளுக்கு எழுதேக்கை வழமையாத் தொடக்கத்திலை நன்றி சொல்லுவார், இதிலை அதுகூட இல்லை, நேரா விசயத்துக்கு வந்திட்டார். ஆவியாலை தொடங்கிப்போட்டு இப்ப மாம்சத்தாலை முடிக்கப் போறியளோ எண்டு மூண்டாம் அதிகாரத்திலை கேக்கிறார். இப்ப அந்த இடத்திலை விருத்தசேதனத்தை எடுத்துப்போட்டு குளிசை விடுறதை வைச்சுப் பாருங்கோ. கிருபை காணாது, நீ குளிசையையும் விட்டுக் காட்டினாத்தான் சுகம். அது விசுவாசம் இல்லை, அது விலை. ஆண்டவருக்கு முன்னாலை நான் இவ்வளவு செய்தனான், இனி நீர் தாரும் எண்டு கையை நீட்டுறது. எபேசியர் ரெண்டாம் அதிகாரம் எட்டாம் வசனம் எங்கட பிள்ளையள் ஓய்வுநாள் பாடசாலையிலை பாடமாக்கினது, "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு". ஈவுக்கு ஆரும் காசு கட்டுறேல்லை.

இன்னொண்டு, கன பேர் கவனிக்காதது. அதே கலாத்தியர் நிருபம் நாலாம் அதிகாரத்திலை, நான் முதல் முதல் உங்களிட்ட சுவிசேஷம் சொன்னதே சரீர பலவீனத்தோடதான் எண்டு பவுல் எழுதுறார். வருத்தக்கார மனுசனாத்தான் அந்த ஊருக்குப் போயிருக்கிறார், அவையும் அதை அருவருப்பா நினைக்காமல் அவரை ஏத்திருக்கினம். பிறகு தன்ர உடம்பிலை இருக்கிற முள் எண்டு அவர் சொல்லுற வேதனையைப் பற்றி மூண்டுதரம் வேண்டிக்கொண்டும் எடுபடேல்லை, "என் கிருபை உனக்குப் போதும்" எண்டதுதான் மறுமொழி. தன்னோட ஊழியம் செய்த துரோப்பீமுவை வருத்தத்தோட மிலேத்து எண்ட ஊரிலை விட்டிட்டு வந்தனான் எண்டு தன்ர இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதுறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வாற வயித்து வருத்தத்துக்குத் தண்ணியை மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் எடு எண்டு சொல்லுறார், அந்தக் காலத்து மருந்து அது (இதைச் சொல்லிக்கொண்டு ஆரும் சாராயக் கடைக்குப் போகவேண்டாம், ஈரல் வாட்டிலை இடமில்லை). கூடத் திரிஞ்ச லூக்கா ஒரு வைத்தியன். இந்த மனுசர் எல்லாருக்கும் விசுவாசம் காணாது எண்டு ஆராவது சொல்லுவினமோ தெரியேல்லை.

கத்தோலிக்க ஆக்கள் எண்டால் உங்கட வேதாகமத்திலை சீராக் 38ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கோ, வைத்தியரையும் ஆண்டவர்தான் படைச்சவர், மருந்தும் அவர் மண்ணிலை இருந்து தந்தது, புத்தியுள்ளவன் அதைத் தள்ளமாட்டான் எண்டு அதிலை இருக்கு. எங்கட வேதாகமத்திலை அந்தப் புத்தகம் இல்லாட்டியும் ஏசாயா இருக்கிறாரே. சாகக் கிடந்த எசேக்கியா ராசாவுக்கு இன்னும் பதினைஞ்சு வருசம் தாறன் எண்டு கர்த்தரே வாக்குக் குடுத்தாப்பிறகும், அத்திப்பழ அடையை எடுத்துப் புண்ணிலை கட்டுங்கோ எண்டு ஏசாயா சொல்லுறார். வாக்கும் இருந்தது, புண்ணுக்குப் போட்ட மருந்துப் பத்தும் இருந்தது.

சுகம் கிடைச்சா என்ன செய்யிறது? இயேசுவே சொல்லியிருக்கிறார். பத்துக் குஷ்டரோகியளை நீங்கள் போய் ஆசாரியருக்கு உங்களைக் காட்டுங்கோ எண்டு அனுப்பினார். ஏனெண்டால் லேவியராகமத்தின்படி சுகமான ஆளைப் பாத்து, நாள் குறிச்சுத் திரும்பவும் பாத்து, சரி இவன் ஊருக்குள்ள வரலாம் எண்டு சொல்லுறது ஆசாரியன்தான். இண்டைக்கு அந்த வேலையை எங்கட லாப் செய்யுது. கர்த்தர் உங்கட சுகரைச் சுகமாக்கியிருந்தா அது ரத்தத்திலை தெரியும், மூண்டு மாதச் சராசரியைக் காட்டுற டெஸ்ட் இருக்கு, டொக்டரிட்டச் சொல்லுங்கோ, அவர் பாத்துக் குறைக்கிறதைக் குறைப்பார். நானும் உங்களோட சேந்து ஸ்தோத்திரம் சொல்லுவன். சோதிச்சுப் பாத்தா கரைஞ்சுபோற அற்புதம் எண்டால் அது எனக்கு வேண்டாம்.

ஆவியாலை நடக்கிறது எண்டு நாங்கள் நினைக்கிறதிலையும் ஒரு சிக்கல் இருக்கு. சத்தமா ஜெபிக்கிறது, விழுறது, அந்நியபாஷை, இதுகளைத்தான் கண்டு பழகிட்டம். ஆவியின் கனி எண்டு பவுல் சொல்லுற ஒன்பதிலை நீடியபொறுமையும் இச்சையடக்கமும் இருக்கு. முழங்காவிலிலை இருந்து விடியப்புறம் முதல் பஸ் பிடிச்சு வந்து, லைனிலை மத்தியானம் மட்டும் குந்தியிருந்து, ஒரு மாத மருந்தை வாங்கிக்கொண்டு போய் அதை நேரத்துக்குப் போட்டு, கலியாணவீட்டுப் பாயாசத்தைக் கும்பிட்டு விட்டிட்டு வருசக்கணக்கா இருக்கிற ஒரு கிழவியிட்ட அந்த ரெண்டும் இருக்கு. ஆனா அவவை ஆரும் சாட்சி சொல்லக் கூப்பிடுறேல்லை.

இதிலை எனக்குப் பொறுக்கேலாத ஒண்டு இருக்கு. சுகம் வராட்டி "உங்களிட்ட விசுவாசம் காணாது, வீட்டிலை ஏதோ மறைஞ்ச பாவம் இருக்கு" எண்டு சொல்லுறது. இதை ஆருக்குச் சொல்லுறியள்? 2009இலை சண்டையிலை பிள்ளையைப் பறிகுடுத்து, செட்டிக்குளம் முகாமிலை இருந்து, திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழை இருந்து சீவியத்தைத் தொடங்கின தாய்க்கு. நித்திரை இல்லாமல், சாப்பிட மனமில்லாமல், செத்தா நல்லம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிற மனுசிக்கு. அவ ஏற்கெனவே தன்னிலைதான் பிழை எண்டு ஒவ்வொரு ராவும் நினைச்சுக்கொண்டு கிடக்கிறா, அதுக்கு மேலை நீங்களும் ஒரு கல்லைத் தூக்கி வைக்கிறியள். பிறவிக்குருடனைக் காட்டி இவன் செய்த பாவமோ தாய் தேப்பன் செய்த பாவமோ எண்டு சீஷர் கேக்க, ரெண்டும் இல்லை எண்டுதானே இயேசு சொன்னவர். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" எண்டு கண்ணீரோட நிண்ட தேப்பனை அவர் அனுப்பிவிடேல்லை, பிள்ளையைச் சுகமாக்கித்தான் குடுத்தவர், அரைகுறை விசுவாசத்துக்கே. இப்பிடியான ஆக்கள் உங்கட சபையிலை இருந்தா ஜெபியுங்கோ, கூட இருங்கோ, மனநலக் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு வாங்கோ, பிசாசு எண்டு கட்டிவைக்காதேங்கோ. ராவிலை ஆரோடையும் கதைக்கோணும் போல இருந்தா 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

பாம்புக் கதையையும் சொல்லிவிடுறன், எங்கட இடத்திலை அது இல்லாமல் ஏலாது. மடு மாதா கோயிலிலை இருந்து மண் கொண்டுவந்து பாம்பு அண்டாது எண்டு வீட்டிலை வைச்சிருக்கிற சனம் இருக்கு, சைவ ஆக்களும் வைச்சிருக்கினம், அது அவையளின்ரை நம்பிக்கை. சபைப் பக்கம் எண்டால் பவுலின்ரை கையிலை விரியன் பாம்பு கவ்வித் தொங்கியும் அவருக்கு ஒண்டும் ஆகாததைச் சொல்லுவினம். பவுல் பாம்பைத் தேடிப் பிடிக்கேல்லை, விறகு பொறுக்கி நெருப்பிலை போடேக்கை வந்து கவ்வினது. உங்களைக் கவ்வினா ஒரு நிமிசம் மினக்கெடாமல் ஆஸ்பத்திரி, ஜெபம் வழியிலை. 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வெட்டாதேங்கோ, இறுக்கிக் கட்டாதேங்கோ, கடிச்ச கையை காலை அசைக்காமல் கொண்டு வாங்கோ. நித்திரையிலை கடிச்சா நோகாமலும் இருக்கும், விடிய வயித்துநோ, பிறகு கண் இமை தானா விழும், அதுக்குள்ள வந்திடோணும்.

உபவாசம் இருக்கப் போறவை முன்னுக்கே வந்து கேளுங்கோ. இன்சுலின் போடுறவை, கிளிக்லசைட் மாதிரிச் சுகர் குறைக்கிற குளிசை எடுக்கிறவை சாப்பிடாமல் மருந்தை மட்டும் போட்டா சுகர் இறங்கி மயங்கிப் போயிடுவினம், சாப்பாட்டையும் விட்டு மருந்தையும் தங்கட பாட்டிலை விட்டா அது வேறை ஆபத்து. சிலருக்கு நேரத்தையும் அளவையும் மாத்திக் குடுக்கலாம், சிலருக்கு வேண்டாம் எண்டுதான் டொக்டர் சொல்லுவார். அந்தச் சிலர் ரீவியை, போனை விட்டு உபவாசம் இருங்கோ, கர்ப்பிணிப் பிள்ளையளும் அப்பிடித்தான்.

ஏற்கெனவே விட்டிட்டம் எண்டு இதை வாசிக்கிற ஆரும் இருந்தா, விட்ட குளிசையள் எல்லாத்தையும் சேர்த்து ஒரேயடியாப் போட்டிடாதேங்கோ. சில மருந்துகள் கொஞ்சநாள் விட்டாலே திரும்பச் சின்ன அளவிலை இருந்துதான் தொடங்கோணும், பழைய அளவிலை போட்டா ஆபத்து. கிளினிக் நாள் மட்டும் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம், அடுத்தநாளே வாங்கோ, இன்சுலினும் வலிப்பு மருந்தும் எண்டால் இண்டைக்கே. கொப்பியை எரிச்சிட்டம் எண்டாலும் வாங்கோ, புதுசு போட்டுத்தருவம். எந்தக் கூட்டம், எந்தப் பாஸ்டர் எண்டு நாங்கள் கேக்கமாட்டம். எண்டைக்கு விட்டனீங்கள் எண்டதை மட்டும் சரியாச் சொல்லுங்கோ, டொக்டருக்கு அதுதான் வேணும்.