கூட்டு எண்ணாம் கூட்டு எண்!

இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு தமிழ்க் காணொளி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று "இந்தப் பூட்டுக்குள் இருப்பது மிகப்பெரிய ஒரு கூட்டு எண்" என்றார். இதே சொல்லை இந்த மாதத்தில் மூன்றாவது தடவை கேட்கிறேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் சொல்ல வந்தது பகு எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எண்ணாலும் மீதியின்றி வகுபடும் எண். 4, 6, 15, 91 எல்லாம் இந்த இனம். அப்படி வகுபடாதது பகா எண். 1 இரண்டிலும் சேராது. ஆறாம் வகுப்புப் பாடம், அவ்வளவுதான்.

'கூட்டு' எங்கிருந்து வந்தது என்றால், ஆங்கிலச் சொல்லான காம்போசிட்டுக்கு இலத்தீன் மூலத்தில் 'சேர்த்து வைத்தது' என்று பொருள். அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறதே என்று வாதாடுவார்கள். இருக்கட்டும், ஆனால் கணக்கில் 'கூட்டு' என்றால் தமிழன் கை தானாக 3-ஐயும் 5-ஐயும் கூட்டி 8 என்று போடும். இங்கே நடப்பதோ பெருக்கல், 15. போதாததற்கு, கூட்டு எண் என்ற பெயரை எண் கணித ஜோசியக்காரர்கள் எப்போதோ பட்டா போட்டுக்கொண்டார்கள். இன்னும் சிலர் 'கலப்பு எண்' என்கிறார்கள். அது மேல்நிலைப் பாடத்தில் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் வருகிற எண்ணுக்கு வைத்த பெயர், முற்றிலும் வேறு சரக்கு. இலங்கைப் பாடநூல்களின் 'சேர்த்தி எண்' இவற்றைவிடத் தேவலை, அங்கே அதற்கு ஜோடியாக 'முதன்மை எண்' இருக்கிறது. ஆனாலும் பகு, பகா என்ற ஜோடி ஒரே வேரிலிருந்து எதிரும் புதிருமாக வருகிற அழகு அதில் இல்லை. நன்னூல் சொற்களையே பகுபதம், பகாப்பதம் என்று பிரித்து வைத்திருக்கிறது. கையில் வெண்ணெய் இருக்கும்போது நெய்க்கு எதற்கு அலைகிறார்கள்?

ஒரு நண்பர் மடக்கினார்: "யாராலும் பகுக்க முடியாத எண்ணை எப்படிப் பகு எண் என்பீர்கள்?" நல்ல கேள்வி. 2-ஐ 67 முறை பெருக்கி 1 கழித்தால் 21 இலக்க எண் ஒன்று வரும். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் அதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பகு எண்தான் என்று நிறுவினார், ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்! வகுத்துப் பார்க்காமலே வகுபடும் என்று காட்டுகிற சோதனைகள் உண்டு. காரணிகள் 1903-இல்தான் வெளியே வந்தன. அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் வாயே திறக்காமல் 19,37,07,721-ஐயும் 7,61,83,82,57,287-ஐயும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று பின்னால் சொன்னதாகக் கதை. அதைவிடப் பெரியது, 2-ஐ 10,48,576 முறை பெருக்கி 1 கூட்டினால் வரும் ஃபெர்மா எண். 3,15,653 இலக்கம். பகு எண் என்று 1980களிலேயே தெரிந்துவிட்டது, காரணி ஒன்றும் இன்னும் அகப்படவில்லை.

நண்பருக்குப் பதில் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'பகு எண்' வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. பகுத்த எண், பகுக்கிற எண், பகுக்கும் எண் மூன்றும் அதற்குள் அடக்கம். கோலின் எண் பகுத்தாயிற்று, ஃபெர்மா எண் இனிமேல்தான். ஒரே பெயர் இரண்டுக்கும் பொருந்துகிறது. 'கூட்டு'க்கு இந்தச் சாமர்த்தியம் உண்டா?

காணொளிக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை, இயந்திர மொழிபெயர்ப்பு துப்பியதை அப்படியே வாசிக்கிறார்கள். பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் போதும். வேண்டுமானால் கோலின் 21 இலக்கங்களையும் ஜோசியக்காரர் முறைப்படி கூட்டிப் பாருங்கள். 109, அப்புறம் 10, அப்புறம் 1. அதுதான் அதன் கூட்டு எண்ணாம், பகுவும் இல்லை, பகாவும் இல்லை.