பொய்யென்று தெரிந்தும் கண் ஏன் கலங்குகிறது?

சென்ற மாதம் ஒரு படம் பார்த்தேன். கதைநாயகனின் அம்மா இறந்துபோகிறாள். நீளமான காட்சி, போதாததற்கு வயலின்கள் வேறு. என் கண்கள் உலர்ந்தே இருந்தன. பத்து நிமிடம் கழித்து, படம் முழுக்க அவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கிழவர் படியேறி வந்தார். ஒன்றும் பேசாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாசாங்கு செய்ய வேண்டியதாயிற்று.

சாவுக்கு அசையாத கண், ஒருவர் வந்து உட்கார்ந்ததற்கு ஏன் கலங்கியது? எனக்குக் கல்மனசு என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு. ஆனால் விசாரித்துப் பார்த்தால் பலருக்கும் இப்படித்தான். துயரம் உச்சத்தில் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்; அது கொஞ்சம் இளகும் இடத்தில் உடைந்துபோவார்கள். இதற்கான காரணம் பாதி கதையிலும் பாதி நம் நரம்பிலும் இருக்கிறது.

நரம்பிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே, வெளி ஓரமாக, பாதாம்பருப்பு வடிவத்தில் ஒரு கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. கண்ணீரில் மூன்று வகை. விழியை ஈரமாக வைத்திருக்க எந்நேரமும் கசிவது ஒன்று. வெங்காயமோ புகையோ தூசியோ பட்டால் கழுவிவிட வருவது இன்னொன்று. மனம் கலங்குவதால் வருவது மூன்றாவது. முதல் இரண்டும் மற்ற விலங்குகளுக்கும் உண்டு. மூன்றாவது மனிதருக்கு மட்டுமே உரியது என்பதுதான் ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. பிறந்த குழந்தைக்குக்கூட முதல் சில வாரங்களுக்கு அது வராது. வீறிட்டு அழும், கண் காய்ந்திருக்கும்.

சுரந்த நீர், இமைகளின் உள்மூலையில் உள்ள நுண்துளைகள் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அந்த வடிகால் தாங்காத அளவுக்குப் பெருகினால்தான் கன்னத்தில் உருளும். ஆகவே ‘நான் எங்கே அழுதேன்?’ என்று சாதிப்பவரின் கண்ணைப் பார்த்துப் பயனில்லை. மூக்கை உறிஞ்சுகிறாரா என்று கவனியுங்கள்.

1980களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃப்ரே ஒரு காரியம் செய்தார். தன்னார்வலர்களுக்குச் சோகப் படங்களைப் போட்டுக்காட்டி, வந்த கண்ணீரைக் குழாயில் பிடித்தார். வெங்காயத்தால் வந்த கண்ணீரோடு ஒப்பிட்டபோது, சோகக் கண்ணீரில் புரதம் கூடுதலாக இருந்தது. அழுகை உடம்பில் சேர்ந்த வேண்டாத பொருட்களை வெளியேற்றுகிறது என்று அவர் ஊகித்தார். ‘அழுதால் விஷம் இறங்கும்’ என்று இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும் செய்திகளுக்கு மூலம் இதுதான். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரு அழுகையில் வருவது சில சொட்டுகள், அதிலும் ஒரு பகுதி மூக்கு வழியாக வயிற்றுக்கே திரும்பிப் போகிறது. கழிவை அகற்றச் சிறுநீரகம் இருக்கும்போது உடம்பு ஏன் கண்ணை நம்பியிருக்க வேண்டும்?

சரி, சுரப்பிக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது? ஏழாவது கபால நரம்பான முக நரம்பு வழியாக, எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்திலிருந்து. இந்தப் பெயர்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெயரில் ‘பரிவு’ உள்ள நரம்பு மண்டலம்தான் ஆபத்து நேரத்தில் உடம்பைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராக்குகிறது. பரிவால் வரும் கண்ணீரைச் சுரக்க வைப்பதோ எதிர்ப்பரிவு! பதற்றம் தணிந்தபின் உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவருவது இதன் வழக்கமான வேலை.

இதை வைத்து 1979-இல் ஜே எஃப்ரன், டிமொதி ஸ்பாங்ளர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். முதலில் இறுக்கம் ஏறுகிறது. பிறகு ஏதோ ஒன்று நடந்து அந்த இறுக்கம் தளர்கிறது. இறுக்கத்திலிருந்து தளர்வுக்கு மாறும் அந்தத் திருப்பத்தில் கண்ணீர் வருகிறது. அம்மாவின் மரணக் காட்சியில் எனக்கு ஏறியது இறுக்கம். கிழவர் வந்து உட்கார்ந்தபோது அது அவிழ்ந்தது. உண்மையில் விஷயம் சுவிட்சைத் தட்டுவதுபோல அவ்வளவு சுத்தமானது இல்லை. அழும்போது இதயத்துடிப்பு கூடுவதையும் ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். இரண்டு மண்டலங்களும் கொஞ்ச நேரம் இழுபறியில் இருக்கின்றன என்று கொள்ளலாம். தொண்டை அடைப்பதும் ஒரு இழுபறிதான். கூடுதல் காற்றுக்காகக் குரல்வளையின் வாய் அகலத் திறக்கிறது. எச்சில் விழுங்க வேண்டுமென்றால் அது மூடியாக வேண்டும். திறக்கவும் மூடவும் தசைகள் ஒரே நேரத்தில் முயலும்போது, அங்கே ஒரு உருண்டை சிக்கியதுபோல் இருக்கிறது.

படத்தின் முடிவில் எல்லாம் நல்லபடியாக முடியும்போது அழுகிறோமே, அதுவும் இந்தக் கணக்கில் வந்துவிடும். 1952-இல் ஜோசஃப் வைஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தொலைந்த பிள்ளை கிடைக்குமா என்ற பயம் இருக்கும்வரை மனம் துயரத்தைக் கட்டிவைத்திருக்கிறது. பிள்ளை கிடைத்துவிட்டது, இனி அழுதால் ஆபத்தில்லை. கட்டு தானாக அவிழ்கிறது. ஆனந்தக் கண்ணீர் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு தள்ளிப்போடப்பட்ட துயரம் என்பது அவர் வாதம். ஆனந்தத்துக்கு இவ்வளவு குறைவான பங்கு கொடுத்தது கொஞ்சம் கஞ்சத்தனம் என்று எனக்குப் படுகிறது.

ஏனென்றால் பிற்கால ஆய்வுகள் வேறொன்றையும் காட்டுகின்றன. பிரிந்தவர் சேர்வது, பகைத்தவர் மன்னிப்பது, அந்நியர் கைகொடுப்பது: இப்படி உறவு திடீரென்று இறுகும் கணங்கள் தனியாகவே ஓர் உணர்ச்சியைக் கிளப்புகின்றன. கண் ஈரமாகும், நெஞ்சு கதகதக்கும், உடம்பு சிலிர்க்கும். மானுடவியலாளர் ஆலன் ஃபிஸ்கேயும் அவருடைய கூட்டாளிகளும் இதற்குச் சமஸ்கிருதத்திலிருந்து ‘காம மூத’ (அன்பால் அசைக்கப்பட்ட நிலை) என்று பெயர் எடுத்து வைத்திருக்கிறார்கள். 2019-இல் வெளியான அவர்கள் ஆய்வு 19 நாடுகளில், 15 மொழிகளில் நடந்தது. உடம்பு காட்டும் குறிகள் ஏறத்தாழ எங்கும் ஒன்றாக இருந்தன. தமிழில் ‘நெகிழ்தல்’ என்ற சொல் தயாராக இருக்கிறது. இறுகியது தளர்வது என்ற பொருளும் அதற்குள்ளேயே உண்டு.

இதெல்லாம் நிஜ வாழ்க்கைக்குச் சரி. நடிகர் நடிக்கிறார், எழுத்தாளர் கற்பனை செய்கிறார் என்று தெரிந்துமா? 1975-இல் காலின் ராட்ஃபோர்ட் என்ற தத்துவவாதி இதே கேள்வியைக் கேட்டார். இல்லாத ஒருத்திக்காக அழுவது முரண்பாடு, அறிவுக்குப் பொருந்தாதது என்றே அவர் முடித்தார். அன்றிலிருந்து தத்துவத்துறையில் இந்தச் சண்டை ஓயவில்லை.

உளவியல் பக்கத்திலிருந்து பார்த்தால் முடிச்சு அவ்வளவு கடினமாக இல்லை. ஒரு முகம் சுருங்குவதையும் ஒரு குரல் உடைவதையும் மூளை மிக வேகமாகப் படித்துவிடுகிறது. ‘இது கதை’ என்ற அறிவு அதை நிறுத்துவதில்லை. நாம் எழுந்து ஓடிப்போய் உதவாதபடி மட்டும் பிடித்து வைக்கிறது. உணர்ச்சி நிஜம், செயல் மட்டும் முடக்கம். இங்கேதான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அழுகையை நீண்டகாலம் ஆராய்ந்த நெதர்லாந்துக்காரர் ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ், கண்ணீரின் மையத்தில் இருப்பது கையறுநிலை என்கிறார். எதையும் செய்ய முடியாதபோது அழுகிறோம். பார்வையாளரைவிடக் கையறு நிலையில் இருப்பவர் யார்? நிஜத்தில் ஒரு குழந்தை விழுந்தால் தூக்கலாம், ஆள் கூப்பிடலாம், குறைந்தபட்சம் திட்டவாவது செய்யலாம். திரையில் விழுந்தால் பார்க்க மட்டுமே முடியும். ஆகவே கதைக்கு அழுவது மூளையின் ஏமாளித்தனம் இல்லை. அழுகைக்குத் தேவையான சூழல் கதையில்தான் கச்சிதமாக அமைகிறது.

தொல்காப்பியம் உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை மெய்ப்பாடு என்று எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறது. அழுகைக்கு அது சொல்பவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. நான்கிலும் கை கட்டப்பட்ட ஒருவர்தான் நிற்கிறார். உங்களை அழவைத்த எந்தக் காட்சியையும் இந்த நான்கில் போட்டுப் பாருங்கள், அநேகமாக ஒன்றில் விழுந்துவிடும்.

ஆய்வகங்களில் சோகத்தை வரவழைக்க ஒரு படத் துண்டு நெடுங்காலமாகப் புழங்குகிறது. 1979-இல் வந்த ‘தி சாம்ப்’ படத்தில், குத்துச்சண்டைக்காரத் தந்தை இறந்துகிடக்க, சின்னப் பையன் அவரை எழுப்பப் பார்க்கும் காட்சி. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் ஏராளமான படங்களைச் சலித்து, 494 பேருக்குத் துண்டுகளைப் போட்டுக்காட்டி, 1995-இல் வெளியிட்ட பட்டியலில் சோகத்துக்கு இதுவே முன்னால் நின்றது. பையனுக்கு இழவும் கையறுநிலையும் ஒருங்கே வந்திருக்கிறது, முகம் திரையை நிறைத்திருக்கிறது. முகம் முக்கியம், முகத்தில் ஈரம் அதைவிட முக்கியம். ராபர்ட் ப்ரொவைன் 2009-இல், அழுகிற முகங்களின் படங்களிலிருந்து கண்ணீரை மட்டும் கணினியில் அழித்துவிட்டுக் காட்டினார். அதே முகங்கள் சோகம் குறைந்து தெரிந்தன. சிலவற்றில் என்ன உணர்ச்சி என்றே குழம்பியது. நெருக்கக் காட்சியில் நடிகரின் கன்னத்தில் ஒரு சொட்டு உருள்வதற்காக இயக்குநர்கள் ஏன் மெனக்கெடுகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

பாட்டின் கதை வேறு. அங்கே முகம் இல்லை, வார்த்தை புரியாத பாட்டுக்கும் கண் நிறைகிறது. துக்கத்தில் பேசும் குரல் மெதுவாக, தணிந்து, முடிவில் சரிந்து போகும். பேட்ரிக் யுஸ்லினும் பெட்ரி லவுக்காவும் 2003-இல், குரலையும் இசையையும் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, சோக இசையும் இதே குணங்களைக் கடன் வாங்குவது தெரிந்தது. வயலினும் புல்லாங்குழலும் ஒரு வகையில் அழுகிற தொண்டையைப் போலி செய்கின்றன.

அதற்கும் நுணுக்கமான ஒன்று உண்டு. 1991-இல் ஜான் ஸ்லோபோடா 83 பேரிடம், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டார். கண்ணீர் வந்த இடங்களை எடுத்துப் பார்த்தபோது ஒரு சங்கதி அடிக்கடி தென்பட்டது: பின்னணியோடு உரசும் ஒரு சுரம் வந்து, கணநேரம் நின்று, பக்கத்துச் சுரத்துக்கு இறங்கிச் சமாதானம் ஆவது. இறுக்கம், அப்புறம் தளர்வு. இரண்டரை மணிநேரப் படம் செய்வதை ஒரு பாட்டு அரை நொடியில் செய்துவிடுகிறது.

கண்ணீரும் புல்லரிப்பும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் கஸுமா மோரி, மகொடோ இவனாகா இருவரும் 2017-இல் இரண்டையும் தனித்தனியாக அளந்தார்கள். புல்லரிப்பு கிளர்ச்சி. கண்ணீரில் மூச்சு நிதானமானது. கேட்டவர்கள் அதை அமைதியாக உணர்ந்தார்கள். பழகிய பாட்டில் இன்னொரு விசேஷம், அந்த இடம் வருவதற்கு முன்பே கண் கலங்கத் தொடங்கிவிடும். 2011-இல் வலோரி சலிம்பூரின் குழு மூளையைப் படமெடுத்தபோது, பிடித்த இடத்தை எதிர்பார்க்கும்போது ஒரு பகுதியிலும், அது வந்து சேர்ந்ததும் வேறொரு பகுதியிலும், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரப்பதைக் கண்டார்கள். முடிவு தெரிந்த படத்தை மூன்றாம் முறை பார்க்கும்போது முன்னதாகவே கைக்குட்டையைத் தேடுகிறோமே, அதற்கும் ஏறக்குறைய இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

புத்தகம் எல்லாவற்றிலும் ஏழை. முகம் கிடையாது, இசை கிடையாது, காகிதத்தில் மை. ஆனால் வேகம் நம் கையில் இருக்கிறது, முகத்தையும் நாமே வரைந்துகொள்கிறோம். பெரும்பாலும் தெரிந்த முகமாகவே வரைந்துவிடுகிறோம். கவிதை கேட்பவர்களை அளந்து 2017-இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில், சிலிர்ப்பு வரிகளின் முடிவிலும் பத்திகளின் முடிவிலும் கவிதையின் கடைசியிலும் குவிந்திருந்தது. முடியும் இடமும் ஒரு தளர்வுதானே. மௌனமாகப் படிக்கும்போது சமாளித்துவிட்ட பத்தியை வாய்விட்டுப் படித்தால் குரல் கம்மிவிடும், கவனித்திருப்பீர்கள். பேசுவதற்கு மூச்சும் குரல்வளையும் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவை நம் பேச்சைக் கேட்பதில்லை.

அழுதால் மனம் லேசாகும் என்பது உண்மையா? துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் கிளப்பி, உணர்ச்சிகளைத் தூய்மைப்படுத்துகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதிப்போனதிலிருந்து இந்த நம்பிக்கை இருக்கிறது. ஆய்வகங்களோ பல ஆண்டுகள் நேர்மாறாகவே சொல்லிவந்தன. சோகப் படம் பார்த்து அழுதவர்கள் படம் முடிந்ததும் முன்பைவிட வாட்டமாக இருந்தார்கள். அஸ்மிர் கிராச்சானினும் ஃபிங்கர்ஹூட்ஸும் மற்றவர்களும் 2015-இல் கொஞ்சம் பொறுமையாக இருந்து பார்த்தார்கள். 60 பேருக்குப் படம் காட்டி, முடிந்த உடனே மனநிலையைக் கேட்டார்கள். அழுதவர்கள் சோர்ந்திருந்தார்கள், அழாதவர்களிடம் மாற்றமில்லை. 20 நிமிடம் கழித்துக் கேட்டபோது அழுதவர்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். 90 நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பிருந்ததைவிட நன்றாக இருந்தார்கள்.

எனக்கும் அன்றைக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆயிற்று. படுக்கப் போகும்போதுதான் அந்தக் கிழவருக்குப் படத்தில் ஒரு பெயர்கூட வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.