பாஹியங்கல குகைக்குப் போனால் முதலில் கூரையைப் பாருங்கள்

கொழும்பிலிருந்து ஹொரணை வழியாகப் புளத்சிங்களப் பக்கம் போனால், இறப்பர்த் தோட்டங்களைத் தாண்டிப் படியேறிச் சேரக்கூடிய பெரிய கற்குகை பாஹியங்கல. காலையில் வெளிக்கிட்டால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். போகிறவர்களில் அநேகர் உள்ளே இருக்கும் சயன புத்தரைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று எதிரே விரியும் பச்சையைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கூரையை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. இந்தக் குகை எப்படி வந்தது என்பதற்கான தடயங்கள் அங்கேதான் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு நிலத்தடிப் பொந்து என்றால் சுண்ணாம்புக்கல்தான். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே போகும். நிலாவரைக் கிணறு அப்படி வந்ததுதான். பாஹியங்கலையில் அந்தக் கணக்குச் சரிவராது. அங்கே இருப்பது நைஸ் என்னும் உருமாறிய பாறை. இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியில் இந்த வகைப் பழம் பாறைகள்தான். கொண்டுவானா என்னும் பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து நசுங்கிய கல் அது. சுண்ணாம்புக்கல்லைப் போல அது கரைந்து குகையாகிவிடாது.

அதற்கு முதல் எதிரி, சுமை குறைவதுதான். மேலே கிடந்த பாறையையெல்லாம் மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போக, அடியில் அமுங்கிக் கிடந்த கல்லின் மேல் அழுத்தம் குறைகிறது. கல் மெல்ல விரிகிறது. விரியும்போது அதன் மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் விழுகின்றன. நைஸில் ஏற்கெனவே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் ஓடுவதால், பிளவுபடுவதற்கு வழி தயாராகவே இருக்கிறது.

இரண்டாவது எதிரி தண்ணீர். வெடிப்புக்குள் இறங்கும் மழைநீர், கல்லிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெண்களியாக மாற்றுகிறது. இன்னொரு கனிமமான கறுப்பு மைக்கா உப்பிப் பக்கத்துத் துகள்களை நெம்புகிறது. குவாட்ஸ் என்னும் கனிமம் மட்டும் அப்படியே நிற்கிறது, ஆனால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாததால் மணலாக உதிர்கிறது. இதெல்லாம் எங்கே வேகமாக நடக்கும்? வெயில் பட்டு உடனே காயும் மேல்முகத்தில் அல்ல, நிழலில் நாள் முழுக்க ஈரம் நிற்கும் அடிப்பக்கத்தில். அங்கே கல் உட்குழிகிறது. குழிந்த இடத்துக்கு மேலிருக்கும் கல்லுக்குத் தாங்கல் போய்விடுகிறது. ஒரு நாள் ஒரு பலகை கழன்று விழுகிறது, பிறகு அதற்கு மேலுள்ளது. கூரையில் தட்டையான, படிப்படியான தழும்புகளாகத் தெரிபவை கழன்ற பலகைகள் விட்டுப்போன இடங்கள்.

குகையைச் செய்த தண்ணீரே குகைவாசிக்குத் தொல்லையும் கொடுக்கும். பாறை நெற்றியில் வழியும் மழைநீர் விளிம்போடு விழுந்துவிடுவதில்லை. கல்லோடு ஒட்டும் விசையும் மேற்பரப்பிழுவிசையும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்ள, அது கூரையின் அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே வரும். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தத் தீவில் பௌத்த துறவிகளுக்குக் குகைகளைச் செதுக்கிக் கொடுத்தவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வாசலுக்கு மேலே பாறையின் குறுக்காக ஒரு புருவம் வெட்டினார்கள். கற்புருவம் என்பார்கள். ஊர்ந்து வரும் நீர் அதன் கூரான விளிம்பில் வந்து நிற்கும். தொடர்ந்து உள்ளே போக வேண்டுமானால் மேல்நோக்கித் திரும்ப வேண்டும். அது முடியாமல் துளி பருத்து, எடை கூடி, நேரே கீழே விழுந்துவிடும். பல குகைகளில் புருவத்துக்குக் கீழேதான் பிராமி என்னும் பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கும், எழுத்து நனையாத இடம் என்பதால். வெள்ளவத்தை மாடிவீடுகளில் யன்னலுக்கு மேல் நீட்டிய கொங்கிறீட் தட்டின் அடியில் மேசன்மார் விடும் சிறு காடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இதை நினைக்கும்போது அந்தப் பழைய கல்தச்சர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

பாஹியங்கலைக்கு அவர்களுக்கும் வெகுகாலம் முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஈரவலயக் காட்டு மண் அமிலத்தன்மையானது, எலும்பைத் தின்றுவிடும். கூரைக்கு அடியில் மழை படாமல், அடுப்புச் சாம்பல் கலந்து கிடந்த மண் எலும்பைக் காப்பாற்றியது. அகழ்ந்தபோது குரங்கு, அணில் எலும்புகளும், குரங்கெலும்பில் கூர்தீட்டிய முனைகளும் கிடைத்தன. அவை அம்பு முனைகள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மிகப் பழைய அடுக்கின் வயது ஏறக்குறைய 48,000 ஆண்டுகள். காலம் கணிக்க உதவுவது கரியில் இருக்கும் காபன்-14 என்னும் கதிரியக்கக் காபன். அது ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகும். இவ்வளவு காலத்தில் எட்டுத் தடவைக்கு மேல் பாதியாகி, தொடக்கத்தில் இருந்ததில் முந்நூறில் ஒரு பங்கு அளவுதான் எஞ்சும். ஒரு சிட்டிகை புதுக் கரி கலந்தாலே கணக்குப் பிழைத்துவிடும். அதனால் தயவுசெய்து குகைத் தரையைக் கிளறாதீர்கள், ஞாபகத்துக்கு என்று எதையும் எடுத்து வராதீர்கள்.

சரி, வெளியே தெரியும் காட்சிக்கு வருவோம். தூரத்து மலைகள் நீலமாகத் தெரிவது அவற்றின் நிறத்தால் அல்ல. நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று, சூரிய ஒளியில் நீலத்தையே அதிகம் சிதறடித்து நம் பக்கம் அனுப்புகிறது. தூரம் கூடக் கூட நீலமும் கூடும். தூசியும் ஈரப்பதமும் மிகுந்தால் அந்த நீலம் வெளிறிப் புகைமூட்டமாகிவிடும். இரவு மழை தூசியைக் கழுவிவிட்ட மறுநாள் காலையில், கொழும்பின் உயரமான மாடிகளிலிருந்தே சிவனொளிபாதமலை தெரிவதுண்டு. நேர்கோட்டில் சுமார் 72 கிலோமீற்றர். அந்தத் தூரத்தில் புவியின் வளைவு மறைப்பது அடியில் ஏறக்குறைய 400 மீற்றரைத்தான். மலையோ 2,243 மீற்றர். மீதியை மறைப்பதெல்லாம் காற்றிலுள்ள அழுக்கும் முகிலும். வெயில் ஏற ஏற நிலத்து ஈரம் மேலே கிளம்பி முகிலாகிவிடும் என்பதால், ஜனவரி, பெப்ரவரியில் போனாலும் எட்டு, ஒன்பது மணிக்குள் குகைக்கு ஏறிவிடுவது நல்லது.