ஹாம்ஸ்டரும் பூனையும் ஒரே வீட்டிலா? நடுவில் ஒரு கதவு இருக்கட்டும்

பள்ளிக்கு லீவு விட்டதும் எங்கள் க்ளினிக்கில் ஹாம்ஸ்டர், கினி பிக், வெள்ளை எலி வரத்து கூடிவிடும். மீன்தொட்டிக் கடையில் பிள்ளை அடம்பிடித்து வாங்கியிருக்கும். வீட்டில் ஏற்கெனவே ஒரு லேபரடாரோ பூனையோ இருக்கும். கூண்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஹால்லதான் டாக்டர், டிவி பக்கத்துல. ரெண்டும் ஃப்ரெண்ட் ஆயிடுச்சு" என்பார்கள்.

போனில் வீடியோவும் காட்டுவார்கள். கூண்டுக்கு வெளியே பூனை அசையாமல் உட்கார்ந்திருக்கும். உள்ளே கினி பிக்கும் அசையாமல் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு ரொம்ப அழகு. பூனை வேட்டைக்கு முன்னால் அப்படித்தான் உட்காரும். இரையாகிற விலங்குக்குப் பயம் வந்தால் ஒன்று ஓடும், இல்லாவிட்டால் அப்படியே உறைந்து நிற்கும். கூண்டுக்குள் ஓட எங்கே வழி?

இந்தப் பயம் வயிற்றில்தான் போய் நிற்கும். கினி பிக்கின் குடல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணி நேரம் தீனியைத் தொடாமல் இருந்தாலே அவசர கேஸ்தான். சாப்பிட மாட்டேன் என்கிறது என்று கொண்டுவருவார்கள். பல் நன்றாக இருக்கும், காய்ச்சல் இருக்காது. கூண்டை வேறு அறைக்கு மாற்றச் சொல்லி அனுப்பினால், மறுநாளே புல் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று போன் வரும்.

கூண்டின் மேல் துணி போட்டு மூடினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். எலி இனங்கள் தங்களுக்குள் எழுப்பும் பல சத்தங்கள் நமக்கு எட்டாத அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. துணிக்குப் பின்னால் யார், எந்த மூலையில் என்று பூனைக்கு நன்றாகத் தெரியும். பூனை வாடை உள்ளே இருப்பதற்கும் தெரியும்.

நாய் விஷயம் கொஞ்சம் வேறு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பழகிய இனங்கள். குட்டையாக, நீளமாக இருக்கிறதே டாக்ஸ்ஹண்ட், அது வளைக்குள் புகுந்து வேட்டையாட ஜெர்மனியில் வளர்த்தெடுத்த நாய். சின்ன உருவம் ஒன்று கண்முன் விருட்டென்று ஓடினால் இவற்றின் கால் யோசிக்காது. எத்தனை சாதுவாக வளர்த்திருந்தாலும் அப்படித்தான். லேபரடார் சாதுதான், ஆனால் 30 கிலோ. விளையாட்டாக ஒரு தட்டு தட்டினாலே 120 கிராம் ஹாம்ஸ்டரின் முதுகெலும்பு போய்விடும். வாலை ஆட்டிக்கொண்டேதான் தட்டும்.

அடிக்கடி கேட்கும் இன்னொரு வாக்கியம்: "கடிக்கவே இல்ல டாக்டர், சும்மா வாயில கவ்விட்டு வந்துச்சு, அதட்டினதும் விட்டுருச்சு." மேலே பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஈரப் பஞ்சால் ரோமத்தை விலக்கிக்கொண்டே போனால், தோளுக்குப் பின்னால் குண்டூசி முனை அளவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். பூனையின் கோரைப்பல் மெல்லியது, நீளமானது. பூனைகளின் வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமியை அது ஊசி போட்டதுபோல் உள்ளே இறக்கிவிடும். மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். ஒன்றிரண்டு நாளில் கிருமி ரத்தத்தில் ஏறிவிடலாம். நாய் வாயில் பிடித்து உதறியிருந்தால் தோல் முழுசாகவே இருக்கும். விலா எலும்பு உடைந்து நுரையீரல் கன்றிப்போயிருக்கும். ஆகவே பூனையோ நாயோ வாயில் எடுத்தது என்றால் காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

போகும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காற்றுத் துளை போட்ட செருப்பு டப்பாவில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். மஞ்சள் அப்பாதீர்கள், அந்தப் புள்ளியை நாங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப் மருந்தும் வேண்டாம். குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் வீட்டில் மிச்சம் இருக்கும், இரண்டு சொட்டுக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்து வாய்வழியாகப் போனால் கினி பிக், ஹாம்ஸ்டர் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, நஞ்சு சுரக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பெருகிவிடும். வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் சில நாளில் உயிர் போய்விடும். பூனையிடம் தப்பியது சிரப்பில் போவது இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆற்றாமை. இவற்றுக்கு நாங்கள் கொடுக்கும் ஆன்டிபயாடிக் வேறு வகை.

யாருமே பயப்படாத ஒரு பெரிய பிராணி உண்டு. முயல். கடைகளிலேயே கினி பிக்கையும் முயலையும் ஒரே கூண்டில் போட்டுத்தான் விற்கிறார்கள். முயல் பின்னங்காலால் ஒரு உதை விட்டால் கினி பிக்குக்கு எலும்பு முறியும். அதைவிட மோசம், முயலின் மூக்கில் போர்டெடெல்லா என்ற கிருமி எந்த நோயும் காட்டாமல் குடியிருக்கும். நாய், பூனையிடமும் உண்டு. கினி பிக்குக்கு அது நிமோனியாவைக் கொடுத்து ஆளையே முடித்துவிடும். தீனியும் ஒத்துவராது. கினி பிக்குக்கு நம்மைப் போலவே வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்கத் தெரியாது, தீனியில்தான் கிடைக்க வேண்டும். முயலுக்கென்று விற்கும் பெல்லட் தீனியை மட்டும் தின்று மூட்டு வீங்கி நகர முடியாமல் வரும் கினி பிக்குகள் எத்தனையோ. கொய்யா, குடமிளகாய், கொத்தமல்லித் தழை என்று தினமும் ஏதாவது கொடுங்கள்.

சரி, என்னதான் செய்வது? தனி அறை, மூடிய கதவு. பழக்கி நண்பர்களாக்கும் முயற்சியே வேண்டாம் என்பது என் கருத்து. கூண்டு என்பது உள்ளே இருப்பது வெளியே போகாமல் இருப்பதற்கு. பூனையைத் தடுப்பது கதவுதான். கீழே அழுத்தித் திறக்கிற கைப்பிடி என்றால் பூனை அதில் தொங்கித் திறந்துவிடும், மேல் தாழ்ப்பாள் போடுங்கள்.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வரும். சென்னை மே மாதத்தில் 40 டிகிரி. கினி பிக்குக்கு 28-ஐத் தாண்டினாலே கஷ்டம். நாய்க்குப் பயந்து சின்ன ஸ்டோர் ரூமில் வைத்து, கதவைச் சாத்தி, வெப்பத்தில் போனவை உண்டு. பல வீடுகளில் ஏசி ஒரு அறையில்தான் இருக்கும், அங்கேதான் நாயும் படுக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய் இல்லையென்றால், ஃபேன் காற்றும் ஈரத் தரையும் இருக்கிற ஹாலில் நாய் சமாளித்துக்கொள்ளும். ஏசி அறையைச் சின்னதுக்குக் கொடுங்கள். நாய் இரண்டு நாள் கதவைப் பிறாண்டும், அப்புறம் பழகிவிடும். பகலில் ஏசி போட முடியாது என்றால் மண்சட்டியை ஈரப்படுத்திக் கவிழ்த்து, நுழைய வாய் உடைத்து வையுங்கள். தண்ணீர் உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கமாக வைக்கலாம். பால்கனி கூடவே கூடாது: வெயில், காக்கை, ராத்திரியில் பெருச்சாளி.

கூண்டுக் கம்பி இடைவெளி குட்டை ஹாம்ஸ்டருக்கு 6 மில்லிமீட்டருக்கு மிகாமல், அதைவிடப் பெரிய சிரியன் ஹாம்ஸ்டருக்கு 1 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். கம்பியில் ஏறித் தொங்கும்போதுதான் பூனையிடம் விரலைப் பறிகொடுக்கின்றன. கண்ணாடித் தொட்டி என்றால் வலைமூடிக்கு நாலு பக்கமும் கிளிப் போடுங்கள், பூனை அதன் மேல்தான் படுக்கும். வெப்பம் தேங்குவதால் கோடையில் எனக்குத் தொட்டி பிடிப்பதில்லை.

ஹாம்ஸ்டர் தப்பித்துவிட்டால் தேடுவதற்கு முன்னால் நாயையும் பூனையையும் ஒரு அறையில் அடையுங்கள். ராத்திரி விளக்கை அணைத்து, சுவர் ஓரமாகக் கொஞ்சம் சூரியகாந்தி விதை போட்டுவிட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருங்கள். சமையலறையில் எலி ஒட்டும் அட்டையோ எலி மருந்தோ இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயை விரலால் தொட்டுத் தொட்டுத் தடவி, ஒவ்வொரு காலாக விடுவித்து, அதே செருப்பு டப்பாவில் வைத்துக் கொண்டுவாருங்கள்.