முடிவில்லாத வடிவங்களுக்கு ஒரு கரைவலை

திருக்கடலூரில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், ஒரு பரப்பை நெளிச்சு, நீட்டி, மாத்திக்கொண்டே போகலாமே. அந்த முடிவில்லாத வடிவங்களுக்குள்ள ஏதும் ஒழுங்கு இருக்குமா?"

பதில் கண்முன்னே கிடந்த வலையில்தான் இருந்தது.

ஒவ்வொரு புள்ளியிலும் தூரத்தை எப்படி அளப்பது என்று சொல்லும் விதிதான் ரீமன் அளவை. 1854 இல் ஜேர்மன் கணிதவியலாளர் ரீமன் தந்த யோசனை. விதி மாறினால் வளைவு மாறும், வடிவமும் மாறும். சரி, இனி இரண்டு கட்டுப்பாடு போடுவோம். எந்த இரு புள்ளிக்கும் இடைத்தூரம் பத்து மீற்றரைத் தாண்டக்கூடாது. வளைவு குறித்த ஓர் எல்லைக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் குதிரைச் சேணம்போல் விரிந்து, சின்ன வட்டத்துக்குள்ளேயே நிலம் பெருகிவிடும்.

இப்போது ஒவ்வொரு பரப்பின்மேலும் வலை விரியுங்கள். எங்கே நின்றாலும் ஒரு மீற்றருக்குள் ஒரு முடிச்சு எட்ட வேண்டும். கட்டுப்பாடுகள் இருப்பதால் முடிச்சுகளின் எண்ணிக்கை ஓர் உச்சத்தைத் தாண்டாது. எல்லாப் பரப்புக்கும் அதே உச்சம்! முடிச்சுக்கு முடிச்சு தூரத்தை அளந்து எழுதினால், ஒரு பரப்பு முழுவதும் ஒரு சிறிய அட்டவணைக்குள் வந்துவிடுகிறது. அதிலுள்ள எண்கள் எல்லாம் பூச்சியத்துக்கும் பத்துக்கும் நடுவில். முடிவில்லாத அட்டவணைகளை இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் அடைத்தால் எங்கோ நெரிசல் வந்தே தீரும். நெரிசலில் அகப்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அரை மீற்றர் வலையை விரியுங்கள். அப்புறம் கால் மீற்றர். இப்படியே போனால், ஒன்றையொன்று நெருங்கும் ஒரு வரிசையும் அது போய்ச் சேரும் எல்லை வடிவமும் கிடைக்கும். இப்படி நெருங்கும் வரிசை எப்போதும் கிடைப்பதைக் கணிதத்தில் கச்சிதம் என்பார்கள்; அதை 1981 இல் காட்டியவர் கணிதவியலாளர் குரோமோவ். கணிதத்தாரும் இந்தப் புள்ளிக் கூட்டத்தை வலை என்றே சொல்கிறார்கள்.

  

ஆனால் எல்லை வடிவம் அதே குடும்பத்தில்தான் இருக்கும் என்றில்லை. ஒரு கடதாசியைக் குழாயாகச் சுருட்டிப் பாருங்கள். எவ்வளவு மெலிந்தாலும் அதன்மேல் ஊரும் எறும்பின் கணக்கில் வளைவு பூச்சியம்தான். மெலிந்து மெலிந்து கடைசியில் அது நூலாகிவிடும். ஒரு பரிமாணம் காணாமல் போய்விடும். பரப்பளவும் கூடவே கரைந்துபோகிறது, கவனித்தீர்களா? குரோமோவுக்கு முன்பே அதைப் பிடித்துக்கொண்டவர் சீகர் என்ற கணிதவியலாளர். பரப்பளவு, உயர் பரிமாணங்களில் கனவளவு, ஓர் அளவுக்குக் குறையக்கூடாது, வளைவுக்கு மேலெல்லையும் வேண்டும் என்றார். அப்போது மெல்லிய கழுத்துகளுக்கு இடமே இல்லை. அடிப்படையில் வேறுபட்ட வடிவங்கள் எண்ணி முடிக்கக்கூடிய அளவுதான் என்று 1970 இல் நிறுவினார்.