நோய்க்குப் பெயர் கிடைக்கும் வரை

அந்த அக்கா என் கிளினிக்குக்கு வந்தது காலை ஒன்பதரை மணிக்கு. முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். கண்ணை இறுக மூடச் சொன்னேன், மூடினார். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் மூன்று கிளினிக், ஒரு கண் மருத்துவர், ஒரு தனியார் மருத்துவமனை என்று அலைந்துவிட்டு வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை நிறைய ரிப்போர்ட்டுகள்.

"எல்லாரும் நார்மல்னுதான் சொல்றாங்க டாக்டர். இப்ப வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்றாரு" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வழியாகச் சின்னச் சின்ன பாகங்களைச் சரிபார்க்கும் வேலை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒன்று இரண்டாகத் தெரியும். தூக்கம் போதவில்லை என்றார் சூப்பர்வைசர். மன அழுத்தம் என்றது ஒரு கிளினிக். எந்த நேரத்தில் அதிகம் என்று கேட்டேன். "சாயங்காலத்துக்கு மேலதான். ராத்திரி சாப்பிடும்போது பாதித் தோசையிலேயே தாடை ஓஞ்சு போவுது. கையால முட்டுக் கொடுத்துட்டு மெல்லுவேன்."

இன்று இரவு பத்து மணிக்கு மகளை விட்டு முகத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், நாளைக் காலை எழுந்ததும் இன்னொரு படம் எடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் இரண்டு படமும் என் போனுக்கு வந்தன. இரவுப் படத்தில் இடது இமை கருவிழியின் பாதியை மறைத்துத் தொங்கியது. காலைப் படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. அன்று மாலையே கடைசி ஆளாக வரச் சொன்னேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தோம். தொங்கிய இமை மேலே ஏறி நின்றது.

மையஸ்தீனியா கிரேவிஸ். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், நரம்பின் கட்டளையை வாங்கும் ஏற்பிகளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய். தசையை உபயோகிக்க உபயோகிக்க ஓய்ந்து போகும், ஓய்வெடுத்தால் தெம்பு திரும்பும். அதனால்தான் காலையில் பார்த்த எவருக்கும் அது தெரியவில்லை. மேற்கொண்டு ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க மார்பு சிடி ஸ்கேன் எல்லாம் பெரிய மருத்துவமனையில் நடந்தன. இப்போது மாத்திரையில் இருக்கிறார், வேலைக்கும் போகிறார். பெயர் தெரிந்ததில் இன்னொரு பயன்: சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இந்த நோயை மோசமாக்கிவிடும். இனி எந்த மருத்துவரும் நோய் தெரியாமல் அவற்றை அவருக்கு எழுதிவிட மாட்டார்.

(இந்தக் கட்டுரையில் வருகிறவர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பட்டர்வொர்த் பக்கம் குடும்ப மருத்துவராக இருக்கும் எனக்கு, ஒவ்வொரு வாரமும் இப்படி ஒருவராவது எதிரே உட்காருகிறார். உடம்பில் என்னவோ சரியில்லை, ஆனால் ரிப்போர்ட் நார்மல். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: நார்மல் என்றால், நாங்கள் தேடிய சில நோய்கள் நாங்கள் தேடிய அன்றைக்கு அகப்படவில்லை என்று அர்த்தம். நீங்கள் சொல்வது பொய் என்று எந்த ரத்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது.

அடுத்து, நாம் பயன்படுத்தும் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் "மயக்கமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது நாலு விஷயத்தில் ஒன்றாக இருக்கலாம். அறையே ராட்டினம் மாதிரிச் சுற்றுவது ஒன்று. அது பெரும்பாலும் உள்காதில் வரும் கோளாறு. எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. அப்படி என்றால் ரத்த அழுத்தம், ரத்தசோகை, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உண்மையாகவே நினைவு தப்பி விழுவது மூன்றாவது. அங்கே இதயத் துடிப்பையும் வலிப்பையும் யோசிக்காமல் விடவே கூடாது. நாள் முழுக்கத் தூக்கக் கலக்கமாக இருப்பதையும் மயக்கம் என்றே சொல்கிறோம். இதை மலாயில் சொல்லும்போது சிக்கல் இன்னும் கூடும். "பெனிங்" என்றால் தலைவலியும் ஆகும், தலைசுற்றலும் ஆகும். நினைவு தப்பியது என்றால் "பெங்சான்" என்று சொல்ல வேண்டும். ஒரு பாட்டிக்காகப் பேசிய பேரன் "பெனிங்" என்று சொல்லிவிட்டான். தலைவலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்தபோது, "விழுந்ததும் எழுந்ததும் நினைவிருக்கா பாட்டி?" என்று கேட்டேன். "அடுப்பை அணைக்கப் போனேன், அப்புறம் கண்ணு முழிச்சா தரையில கெடக்கேன்" என்றார். ஈசிஜியில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 38. அன்றே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம், பேஸ்மேக்கர் வைத்தார்கள். பேரன்மேல் தவறே இல்லை. பத்தொன்பது வயதுப் பையன், வேலைக்கு லீவு போட்டுப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால்தான் நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டு போதும். "வலி" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, எது செய்ததும் குறைந்தது என்று எழுதுங்கள். முன்பு செய்ய முடிந்து இப்போது முடியாமல் போனதையும் எழுதுங்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "தண்ணீர்மலைக் கோயிலுக்கு வருஷா வருஷம் நிற்காமல் ஏறுவேன். இந்தத் தைப்பூசத்தில் ஆறு தடவை உட்கார்ந்தேன்." மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று அரை மணி நேரம் கேட்டாலும் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. பெண்கள் மாதவிலக்குத் தேதியையும் சேர்த்து எழுத வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற நோய், கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகிற நோய், தேதிகளை வரிசையாகப் பார்க்கும்போதுதான் பல நேரம் பிடிபடுகிறது. சருமத்தில் தடிப்பு, மூட்டு வீக்கம், இமை தொங்குவது, கை நடுங்குவது எல்லாவற்றையும் போனில் படமோ வீடியோவோ எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் உடம்பு நல்லபடியாக இருந்து தொலைக்கும்.

டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு புது கிளினிக்கிலும் கதை முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறது, அதே ரத்தத்தை மறுபடி எடுக்கிறார்கள், பணம் போகிறது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட், அரசு மருத்துவமனையின் நிபுணர் பிரிவில் பொதுவாக 5 ரிங்கிட். அங்கே செலவாவது காலம்தான், தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் உங்கள் முழுக் கதையும் தெரிந்த ஒரு மருத்துவர், அரசாங்க கிளினிக்கிலோ வீட்டுப் பக்கத்திலோ, கட்டாயம் வேண்டும். நிபுணர் சொன்னதையும் ஸ்கேன் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவர் சரியாகக் காது கொடுக்கவில்லை என்றால் மாற்றுங்கள், ஆனால் எல்லா ரிப்போர்ட்டின் நகலையும் கையில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) விஷயத்திலும் கணக்கு வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு ஒரே இடத்தில் இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் 60 நாள் வரை. நோய்க்குப் பெயர் தெரியாமல் அலைகிறவர்கள் இந்த நாள்களை ஜூன் மாதத்துக்குள் தீர்த்துவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஆலோசனை மூன்றையும் முடிந்தவரை ஒரே நாளில் வைத்துத் தரும்படி கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஒரு பரிசோதனையின் நார்மல் அளவு என்பது பெரும்பாலும் நலமாக இருக்கும் 100 பேரில் 95 பேர் அடங்குகிற அளவு. அப்படியானால் நலமானவருக்கே 20 தனித்தனிப் பரிசோதனை செய்தால், ஒன்றாவது அளவு தாண்டி வர கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூப்பஸ் நோயைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை 1:80 என்ற குறைந்த அளவில் நலமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்குப் பாசிட்டிவ் ஆக வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் தூங்காமல், தனக்கு லூப்பஸ் என்றே நம்பி வந்த ஒரு கல்லூரி மாணவியைப் பார்த்திருக்கிறேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து பரிசோதனை செய்ய வேண்டும்.

எளிமையான காரணங்கள் தவறிப்போவதும் உண்டு. பிறை என்ற ஊரில் ஒரு ஐயா, சைவம், பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கூடவே வயிற்றுப் புண்ணுக்கு ஒமெப்ரசோல். பாதம் மரத்துப் போகிறது, இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது. எல்லாரும் சர்க்கரை நரம்பைப் பாதித்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். ஹீமோகுளோபினும் சரியாகவே இருந்தது. வைட்டமின் பி12 பார்த்தால் அடிமட்டம். அந்த இரண்டு மருந்தும் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும், சைவ உணவில் அது ஏற்கெனவே குறைவு. ஊசி போட்டு நாலு மாதத்தில் தள்ளாட்டம் நின்றது. மரப்பு முழுதாகப் போகவில்லை. இன்னும் முன்னால் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

பொடி, மாஜுன், ஜாமு போன்ற நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டால் என்னிடம் மறைக்காதீர்கள். திட்ட மாட்டேன். வேதனையில் இருப்பவர் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வது இயற்கை. ஆனால் மூட்டு வலிக்கு "மூணே நாள்ல குணம்" என்று கைமாறும் பதிவில்லாத மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டால் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். மாதக் கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரக்கத் தெரியாமல் தவிக்கும்: கடுமையான அசதி, தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி. அதையே ஒரு புது நோய் என்று தேடி அலைந்தவர்கள் உண்டு. பொட்டலத்தில் எம், ஏ, எல் என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல், அன்றே பொட்டலத்தோடு மருத்துவரிடம் வாருங்கள்.

சிலவற்றுக்கு நோட்டும் வேண்டாம், தேதியும் வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் தொய்வது, பேச்சுக் குழறல், இதுவரை வராத கடுமையான தலைவலி என்றால் 999 அழையுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் துணி நனைய வியர்ப்பது, இரண்டு வாரம் தாண்டிய இருமலோ காய்ச்சலோ, கறுப்பாக மலம் போவது இவையெல்லாம் அந்த வாரமே பார்க்க வேண்டியவை. கறுப்பு மலத்தோடு தலைசுற்றலும் சேர்ந்தால் உடனே மருத்துவமனை.

மனதைப் பற்றி நான் கேட்கும்போது பலர் முகம் மாறுகிறது. "அப்ப எனக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். இல்லை அம்மா. ஆறு மாதம் வலியோடு இருந்து, அதை யாரும் நம்பாமலும் போனால் யாருக்கும் மனம் சோரும். மனச்சோர்வு வலியைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் கூடும். காரணத்தைத் தேடுவதை நிறுத்தாமலே தூக்கத்துக்கும் மனதுக்கும் வைத்தியம் பார்க்கலாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நேற்று கோயிலுக்குப் போக முடிந்தது, இன்று பாத்திரம் கழுவ முடியவில்லையா என்று கேட்காதீர்கள். சில நோய்களில் நேற்று போனதால்தான் இன்று முடியவில்லை. நோயாளிக்கும் அதேதான்: உடம்பு நன்றாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன் என்று அலமாரியை இறக்கித் துடைத்தால், அடுத்த மூன்று நாள் படுக்கையில் போகும். நல்ல நாளிலும் முடிந்ததில் பாதியோடு நிறுத்தப் பழகுங்கள்.

பாகான் டாலாமிலிருந்து ஓர் ஆன்ட்டி மூன்று வருடமாக வருகிறார். உடம்பெல்லாம் வலி, அசதி. வாத நோய் நிபுணர், நரம்பு நிபுணர் எல்லாரும் பார்த்தாயிற்று. இன்னும் ஒரு பெயர் கிடைக்கவில்லை. அப்படி ஒரு முடிவும் இருக்கிறது, அதை நான் அவரிடம் மறைக்கவில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன், ஏதாவது புதிதாகத் தெரிகிறதா என்று தலையிலிருந்து கால் வரை பரிசோதிக்கிறேன், வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்தைச் சரிசெய்கிறோம். அவருடைய நோட்டு இப்போது நான்காவது. போன தடவை ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். வியாழக்கிழமை, பசார் (சந்தை) வரை நடந்து போய்த் திரும்பியது, பதினெட்டு நிமிடம், வழியில் ஒரு முறை உட்கார்ந்தது. அதற்குக் கீழே வேறு பேனாவில், அவர் வீட்டுக்காரர் கையெழுத்தில் ஒரு வரி: "பையை நான் தூக்கினேன்."