குப் குப் ஓசை பிறந்த இடம்

ஓய்வு பெற்ற நீராவி எஞ்சினைக் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் இடங்களில், பலரும் பெரிய சக்கரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் முன்னால் போய், எஞ்சினின் முகப்பில் இருக்கும் வட்டக் கதவுக்கு எதிரே நின்று பாருங்கள். எஞ்சின் மூச்சு விட்ட இடம் அதுதான்.

கதவைத் திறந்தால் கொதிகலன் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அது புகைப்பெட்டி, ஏறக்குறைய வெற்று அறை. அதற்குப் பின்னால்தான் கொதிகலன். அதன் மறுகோடியில், ஓட்டுநர் நிற்கும் பக்கம், நெருப்புப் பெட்டி. அங்கே எரியும் கரியின் சூடான புகை, தண்ணீருக்கு நடுவே ஓடும் ஏராளமான மெல்லிய குழாய்கள் வழியாகப் புகைப்பெட்டிக்கு வரும். ஒரே பெரிய குழாயாக இருந்தால் நடுவில் போகும் சூடு தண்ணீருக்குச் சேராமலே வீணாகிவிடும். 1829-ல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த எஞ்சின் போட்டியில் வென்ற ராக்கெட் எஞ்சினில் இப்படி 25 செப்புக் குழாய்கள் இருந்தன.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கொதிகலன் அந்த இடத்தைத் தராது. அதனால் அழுத்தம் ஏறுகிறது. ஏற ஏறக் கொதிநிலையும் உயர்கிறது. வளிமண்டலத்தைப் போல் பத்து மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்கச் சுமார் 180 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த நீராவியை வால்வு சிலிண்டருக்குள் விடுகிறது, ஒரு முறை பிஸ்டனின் முன்பக்கம், மறு முறை பின்பக்கம். பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தை இணைப்புத் தண்டு சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகிறது.

இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு பக்கச் சக்கரத்தில் தண்டு எந்த இடத்தில் பூட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, சுற்றிப் போய் மறுபக்கம் பாருங்கள். கால் சுற்று தள்ளி இருக்கும். ஒரு பிஸ்டன் கோடியில் போய் நின்று தள்ள முடியாமல் இருக்கும் நேரத்தில், மற்றது முழு பலத்தோடு தள்ளும். எந்த நிலையில் நின்றாலும் எஞ்சின் கிளம்ப வேண்டும் அல்லவா!

வேலை முடித்த நீராவி எங்கே போகிறது? என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்தான். அதைப் புகைப்பெட்டிக்குள் கொண்டுவந்து, புகைபோக்கிக்கு நேர் கீழே குறுகிய வாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். அது பாயும்போது சுற்றியிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. புகைப்பெட்டியில் அழுத்தம் குறைகிறது. உடனே நெருப்புக்கு அடியிலிருந்து காற்று உள்ளே பாய்ந்து கரியை மூட்டுகிறது. ஏற்றத்தில் பாரம் இழுத்தால் நீராவி அதிகம் செலவாகும். அதிகம் செலவானால் இழுப்பும் கூடும், நெருப்பும் கூடும். துருத்தி இல்லை, விசிறி இல்லை. தேவை கூடும்போது நெருப்பு தானாகவே ஈடுகொடுக்கிறது. கழிவு நீராவியைப் புகைபோக்கியில் விட்டால் தீ நன்றாக எரிகிறது என்பதை, ஆரம்பகால நீராவி எஞ்சினை உருவாக்கிய ரிச்சர்ட் ட்ரெவிதிக் 1804-லேயே கவனித்துவிட்டார்.

அந்தப் பீய்ச்சல் ஒவ்வொன்றும் ஒரு ‘குப்’. இரண்டு சிலிண்டருக்குச் சக்கரத்தின் ஒரு சுற்றில் நான்கு. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்றரைச் சுற்று சுற்றும். அதாவது பதினான்கு குப். காதுக்கு அது ஒரே இரைச்சலாகிவிடும். இங்கிலாந்தின் யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் மல்லார்டு என்ற எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர், ஆகவே ஆறு. 1938-ல் அது மணிக்கு 203 கி.மீ. வேகத்தைத் தொட்டதில் அதன் இரட்டைப் புகைபோக்கிக்கும் பங்குண்டு.

இத்தனை இருந்தும், கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட பெரும்பாலும் சக்கரத்துக்கு வந்து சேரவில்லை. டீசலும் மின்சாரமும் வந்ததும் இவை ஓரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நின்றுபோன பிறகும் புகைப்பெட்டிதான் கவலை தரும் இடம். மிஞ்சிய கரியும் சாம்பலும் மழைநீரில் நனைந்தால் அமிலமாகி இரும்பை அரிக்கும். அதனால் வெட்டவெளியில் நிற்கும் எஞ்சினை அண்ணாந்து பார்த்தால், புகைபோக்கியின் வாயில் ஒரு தகட்டு மூடி இருக்கக்கூடும்.